பேய்க்குரலுக்கு வந்த தாய் வேஷம்

பதினோரு வருஷம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை ஏழரை மணிக்கு, அவள் வானொலியில் செத்தவளாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

நாடகத்தின் பெயர் 'பூட்டிய மாடி'. ஒரு பழைய வீடு. அதன் மாடியறையில் எப்போதோ கொலையுண்ட ஒரு பெண்ணின் ஆவி. கீழே வாரம் ஒரு குடும்பம் குடிவரும். வந்த வாரமே அதில் ஒருவர் மர்மமாகச் சாவார். கொன்றது யார் என்று ஆவி கண்டுபிடித்துச் சொல்லும். இத்தனை பேர் செத்த வீட்டுக்கு எந்தத் தைரியத்தில் ஆள் மாற்றி ஆள் குடிவருகிறார்கள் என்று ஒரு நேயர்கூடக் கேட்டதில்லை. வீடு கிடைப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்த காலம்.

நான் அந்த நாடகத்துக்குச் சத்தம் போடுகிறவன். கதவு, காலடி, மழை, காற்று எல்லாம் என் மேஜையிலிருந்துதான் கிளம்பும். இடிக்காக ஓர் ஆள் உயரத் தகரத்தைத் தொங்கவிட்டு உலுக்குவேன். அதனால் எனக்குத் 'தகரம்' என்று பெயர் விழுந்தது. வாராவாரம் கொலையாகிற நடிகரைப் 'பிணம்' என்போம். நல்ல மனிதர், சாகும்போது மட்டும் கொஞ்சம் அதிகமாக இழுப்பார். சுவரில் ஓடும் முள்ளிலிருந்து பார்வையை எடுக்காத நாடகப் பொறுப்பாளர் 'கடிகாரம்'. ஆவியாகப் பேசியவள் 'பேயக்கா'. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவோம். அவளும் "என்ன?" என்று சாதாரணமாகத் திரும்புவாள்.

வானொலி வாரத்துக்கு ஒரு மாலைதான். மற்ற நேரமெல்லாம் அவள் நகரக் குடிநீர் அலுவலகத்தில் புகார் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். டெலிபோன் அடித்தால் எடுத்து, "சொல்லுங்க, எங்க ஒழுகுது?" என்று கேட்பது அவள் வேலை. அவள் வேண்டுமென்று எதுவும் செய்வதில்லை. இயற்கையாகவே அந்தக் குரல் எங்கோ அடியிலிருந்து வரும். வாக்கியத்தின் கடைசியில் காற்று கொஞ்சம் மிச்சமிருக்கும். மறுமுனையில் இருப்பவர் ஒரு கணம் யோசித்து, ஒழுகினால் ஒழுகட்டும் என்று வைத்துவிடுவார். அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு நகரத்தில் குடிநீர்ப் புகார்கள் பாதியாகக் குறைந்தன. குழாய்கள் அப்படியேதான் ஒழுகிக்கொண்டிருந்தன. அந்தச் சாதனைக்காக அவளுடைய மேலதிகாரிக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

அவள் வானொலிக்கு வந்ததே தற்செயல். குரல் தேர்வுக்கு வந்தது அவளுடைய தங்கை. தங்கைக்கு நிஜமாகவே நல்ல குரல். தெளிவு, இனிமை, ஒவ்வோர் எழுத்தும் கழுவி அடுக்கிய பாத்திரம்போல் தனித்தனியாக நிற்கும். துணைக்கு வந்த அக்கா வெளியே பெஞ்சில் ஜலதோஷத்தோடு உட்கார்ந்திருந்தாள். தேர்வறைக்குள் பிணம் செத்துக் காட்டிய விதத்தைக் கதவிடுக்கில் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கடிகாரம் முதல்முறையாக முள்ளிலிருந்து கண்ணை எடுத்தார். தங்கையிடம், "உங்க குரல் நல்லாருக்கும்மா. ஆனா வெளிய யாரோ சிரிச்சாங்களே, அது யாரு?" என்று கேட்டார்.

தங்கை அதை மன்னிக்கவில்லை. சண்டை எதுவும் போடவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அக்காவின் நாடகம் தொடங்கியதும் துடைப்பத்தை எடுத்து வீட்டைப் பெருக்க ஆரம்பிப்பாள், அவ்வளவுதான். கல்யாணமாகிப் போன பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வாரத்தில் அந்த ஒரு மாலைதான் எங்கள் வீடு சுத்தமாக இருக்கும் என்று அவள் புருஷன் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பிறகு போர் வந்தது.

முதல் குண்டு விழுந்து நான்காம் நாள், தகவல் இலாகாவிலிருந்து ஓர் ஆணையும் ஓர் அதிகாரியும் சேர்ந்து வந்தார்கள். அதிகாரியின் சட்டைப்பையில் இரண்டு சிவப்புப் பென்சில்கள் இருந்தன. ஒன்று தேய்ந்தால் வேலை நிற்கக்கூடாது என்ற முன்யோசனை. 'சிவப்புப் பென்சில்' என்று அவருக்கு அன்றைக்கே பெயர் வைத்தாகிவிட்டது; அது மட்டும் முதுகுக்குப் பின்னால்.

"ஜனங்க ஏற்கெனவே பயந்து கிடக்கறாங்க. இதுல பேய் வேறயா? நாளையிலேருந்து பேய் கிடையாது" என்றார்.

பேய்க்குப் பதிலாக ஒரு குடும்பம் கேட்டார். போர்க்காலத்தில் ஒரு சாதாரணக் குடும்பம் எப்படித் தைரியமாக வாழ்கிறது என்று தினமும் கால் மணி நேரம் நாடகம் போடவேண்டும். ஞாயிறு மட்டும் விடுமுறை. எங்கள் எழுத்தாளர் பதினோரு வருஷமாக மாதம் நான்கு கொலை செய்துகொண்டிருந்தவர். ஒரே இரவில் அவரை உப்பு, புளி, பிள்ளைகளின் படிப்பு என்று எழுதச் சொன்னால் என்ன செய்வார், பாவம். முதல் வாரத்தில் அவர் எழுதிய குடும்பத்தில் ஒருவரையொருவர் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாய் வேஷத்துக்கு வழக்கமாக வருகிற அம்மாள் முதல் கப்பலிலேயே மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நடிகர்களில் பாதிப்பேரைப் படைக்கு எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த பெண் குரல் ஒன்றே ஒன்று. கடிகாரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவளைக் கூப்பிட்டார். தகப்பன் வேஷம் பிணத்துக்குப் போயிற்று.

முதல் ஒத்திகை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஸ்டூடியோவின் ஜன்னல்களில் குறுக்கும் நெடுக்குமாகக் காகிதம் ஒட்டியிருந்தது. பேயக்கா மைக் முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எல்லாரும் சாப்பிட வாங்க" என்றாள்.

பிணம் தன்னை அறியாமல் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"கொஞ்சம் அன்பா" என்றார் கடிகாரம்.

"அன்பாத்தான் சொன்னேன்."

"இன்னும் கொஞ்சம்."

அவள் இன்னும் கொஞ்சம் அன்பைச் சேர்த்தாள். முன்னதைவிட மோசமாக இருந்தது. சாப்பிட்டவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. நான் தட்டுச் சத்தத்தைப் பலமாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் உதவவில்லை.

நாடகம் தொடங்கிப் பத்து நாளில் கடிதங்கள் வந்தன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு கட்டுக்கட்டாக. எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: அந்த வீட்டு அம்மா உயிரோடுதான் இருக்கிறாளா?

நேயர்கள் சும்மா கேட்கவில்லை, ஆதாரம் காட்டினார்கள். அம்மா வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லை. அவள் பேசும்போதெல்லாம் மின்சாரம் போகிறது. (ஊரெல்லாம்தான் போய்க்கொண்டிருந்தது.) அவள் எல்லோரையும் சாப்பிடச் சொல்கிறாளே தவிர, அவள் சாப்பிட்டு இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆகவே முதல் நாள் குண்டுவீச்சிலேயே அவள் இறந்துவிட்டாள். குடும்பத்துக்கு இன்னும் தெரியாது. எழுத்தாளர் சரியான நேரத்துக்காகக் காத்திருக்கிறார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இதையெல்லாம் நம்பர் போட்டு எழுதிக் கீழே கோடு கிழித்திருந்தார்.

எழுத்தாளருக்கு முதலில் கோபம் வந்தது. இரண்டாவது நாள் அந்த வாத்தியாரின் கடிதத்தை மட்டும் தனியே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். சபலம் யாரை விட்டது?

சிவப்புப் பென்சில் மட்டும் சிரிக்கவே இல்லை. "மேலேருந்து கேட்டிருக்காங்க. அந்தம்மா இருக்காங்களா, இல்லையான்னு எழுத்துல பதில் குடுக்கணும்" என்றார்.

"நான் இங்கதான் நிக்கறேன்" என்றாள் பேயக்கா.

"நீங்க இல்லம்மா. அவங்க."

அம்மா உயிரோடு இருக்கிறாள் என்பதை நிரூபிக்க ஒரு நாள் நாடகம் முழுவதும் எழுதப்பட்டது. அவளுக்குக் காய்ச்சல். தும்முகிறாள், கஞ்சி குடிக்கிறாள். டாக்டர் வந்து நாடி பார்க்கிறார். ஆள் பற்றாக்குறையால் சில்லறை வேஷமெல்லாம் எழுத்தாளர் தலையில்தான், டாக்டரும் அவரே. நாடித் துடிப்புக்காக நான் ஒரு தலையணையை இரண்டு விரலால் தட்டினேன். "நாடி நல்லா பேசுதும்மா. நூறு வயசு இருப்பீங்க" என்றார் டாக்டர்.

மறுநாள் தபாலில் வந்த முதல் கடிதம்: 'டாக்டரும் இறந்துவிட்டாரா?'

அந்த நாட்களில் அவளுடைய சொந்த வீட்டிலும் கூட்டம் கூடியிருந்தது. ஒரு பூட்டு ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறை அவளுக்கு. தங்கையின் புருஷன் ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்; அவரைப் படை லாரி ஓட்ட எடுத்துக்கொண்டார்கள். தங்கை இரண்டு பெண்குழந்தைகளோடு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். அக்கா தினமும் வானொலியில் தாயாக நடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பெரிய பெண், "பெரியம்மா, நீங்க செத்துட்டீங்கன்னு எங்க கிளாஸ்ல சொல்றாங்க" என்பாள். "அவங்களுக்கு வேலை இல்ல. நீ வந்து தலையைக் காட்டு, எண்ணெய் வெக்கிறேன்" என்பாள் இவள். நாடகம் தினமும் வருவதால் தங்கை இப்போது தினமும் பெருக்கினாள்.

ஐந்தாம் மாதம் ஓர் அச்சடித்த தாள் வந்தது. பெயரையும் தேதியையும் மட்டும் மையால் நிரப்பியிருந்தார்கள். கீழ்க்கண்ட ஓட்டுநரைப் பற்றித் தகவல் இல்லை; கிடைத்தால் தெரிவிக்கப்படும். அன்றைக்குத் தங்கை பெருக்கவில்லை.

அக்கா அரைநாள் லீவு போட்டுத் தங்கையைக் கூட்டிக்கொண்டு படைப் பதிவேட்டு அலுவலகத்துக்குப் போனாள். நீளமான தாழ்வாரம், வரிசையாகக் கதவுகள், ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் ஆள். அன்று இவள் வாயே திறக்கவில்லை, தங்கைதான் பேசினாள். ஜன்னல் குமாஸ்தா தாளை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோப்பு மேல போயிருக்கும்மா. வந்ததும் சொல்லி அனுப்புவோம்" என்றார்.

வெளியே வந்து படியில் நின்று தங்கை கேட்டாள். "மேல போயிருக்குன்னா என்னக்கா அர்த்தம்?"

"எங்க இருக்குன்னு தெரியலன்னு அர்த்தம். பதினாலு வருஷமா நானும் அதையேதான் சொல்லிட்டிருக்கேன்" என்றாள் அக்கா.

இதை மறுநாள் ஸ்டூடியோவில் என்னிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. நான் கேட்டிருந்தவரை, வேலையைப் பற்றி அவள் சிரிக்காமல் சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம்தான் அந்தத் தந்தி வந்தது. நிஜத் தந்தி இல்லை, எழுத்தாளர் எழுதியது. நாடகக் குடும்பத்தின் மூத்த மகன் போர்முனையில் இருந்தான். அவனைக் கொல்லவேண்டும், தாய் அழக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. தந்திச் சேவகன் தந்தியை வாசித்ததும் மூன்று வினாடி மௌனம். பிறகு தாய் சொல்லவேண்டிய வசனம்: 'என் மகன் சாகவில்லை; சரித்திரமாகிவிட்டான்.'

பேயக்கா தாளை எழுத்தாளரிடம் நீட்டினாள். "எந்தம்மா இப்படிச் சொல்லுவா?"

"நான் என்னக்கா பண்ணட்டும்? இந்த வரியை நான் எழுதலை. சிவப்புல எழுதி வந்தது."

"எழுதினவருக்குப் பிள்ளை இருக்கா?"

எழுத்தாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சிவப்பு விளக்கு எரியப் போகிறது என்று கடிகாரம் கண்ணாடி அறையிலிருந்து விரலைத் தூக்கினார். நேரடி ஒலிபரப்பு, பிறகு வெட்டி ஒட்டுகிற வசதியெல்லாம் அப்போது எங்களிடம் இல்லை.

நான் கதவைத் தட்டினேன். தாழ்ப்பாளை நீக்கினேன். எழுத்தாளர் தந்திச் சேவகனாகி, நடுங்கும் குரலில் தந்தியை வாசித்து முடித்தார். மூன்று வினாடி ஆயிற்று. ஐந்து ஆயிற்று. கடிகாரம் எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்க" என்றாள் பேயக்கா.

தாளில் அப்படி ஒன்றுமே இல்லை. ஆனால் ஒருவரை உட்காரச் சொன்னால் நாற்காலி இழுபடவேண்டும் அல்லவா? என் முக்காலியைத் தரையில் இழுத்துவிட்டேன். வேலைப் பழக்கம்.

"தந்தியைக் காட்டுங்க. பேரு இருக்கு. படை நம்பர் எங்க?"

"நம்பரா?" என்றார் எழுத்தாளர்.

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் உண்டே. இதுல காணோம்."

"அது... எழுதும்போது விட்டுப்போயிருக்கும்மா."

"நம்பர் விட்டுப்போகும்னா பேரு மாறிப்போகாதா? எந்தத் தேதி நடந்தது? யாரு பார்த்தாங்க? இந்தக் கையெழுத்து யாரோடது?"

எழுத்தாளர் கண்ணாடி அறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையில் இருந்த தாளைப் பார்த்தார். எங்கும் உதவி இல்லை. "எனக்குத் தெரியாதும்மா. நான் கொண்டாந்து குடுக்கறவன்தான்" என்றார். வாழ்க்கையில் அவர் எழுதாமல் சொன்ன வசனம் அது ஒன்றுதான். இன்றுவரை அவருடைய சிறந்த வசனமும் அதுதான் என்பேன்.

"அப்ப தெரிஞ்சவரு எந்த மேஜைல இருக்காரு?" குரல் உயரவே இல்லை. குடிநீர் அலுவலகக் குரல்தான், வழக்கமான அந்தக் காற்றோடு. "நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு நான் அங்க வருவேன். கோப்பு மேல போயிருக்குன்னு சொன்னா, எத்தனாவது மாடின்னு கேப்பேன். அந்த மாடிக்கு ஏறுவேன். எழுத்துல பதில் வாங்காம எழுந்திருக்க மாட்டேன். போய்ச் சொல்லிடுங்க."

இசைத்தட்டை வைக்கச் சொல்லிக் கடிகாரம் கைகளை வீசிக்கொண்டிருந்தார். அதற்குள் பிணம் மைக்குக்கு அருகே வந்து, "இரு, நானும் கூட வரேன்" என்றார். தகப்பனாக அவருக்கு அன்றைக்கு வசனமே கிடையாது.

சிவப்புப் பென்சில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்தார். பேயக்காவுக்கு அந்த நிமிஷத்திலிருந்து நாடகம் இல்லை. எனக்கும் ஒரு வார விலக்கு. நாற்காலி இழுத்த சத்தம் அனுமதிக்கப்பட்ட பிரதியில் இல்லை என்பது குற்றம். பிணத்தைத் தண்டிக்கவில்லை, அவரைக் கொன்று பழகிவிட்டதால் அவர் மேல் எல்லோருக்கும் ஓர் இரக்கம் இருந்தது.

விலக்கு கிடைத்தவனுக்கு வேறென்ன வேலை? மறுநாள் காலையில் நானும் சகோதரிகளோடு பதிவேட்டு அலுவலகத்துக்குப் போனேன். தெருமுனை திரும்பியதும் மூவரும் நின்றுவிட்டோம். வாசலிலிருந்து தெருவின் பாதிவரை பெண்கள். முன்னூறு பேருக்குக் குறையாது. கைக்குழந்தையோடு சிலர், ஆஸ்பத்திரி உடுப்போடு ஒருத்தி, மாவு படிந்த கையோடு ஒருத்தி. எல்லோர் கையிலும் அதே அச்சடித்த தாள். வரிசையில் யாரோ யாருக்கோ பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "முதல்ல நம்பர் கேளு. அப்புறம் தேதி. அப்புறம் கையெழுத்து."

ஜன்னல் குமாஸ்தாவின் முகம் வெளுத்திருந்தது. எங்கள் முறை வந்ததும் பேயக்கா குனிந்து, "சொல்லுங்க, எத்தனாவது மாடி?" என்றாள்.

குமாஸ்தா எழுந்து நின்றார். "நீங்க... பூட்டிய மாடி... அந்த ஆவி நீங்கதானே?"

"ஆமா."

"எங்க வீட்டுல உங்களைக் கேட்டுட்டுக் குளிக்கக்கூட என்னைத் துணைக்குக் கூப்பிடுவாங்கம்மா" என்றார் அவர். சுற்றுமுற்றும் பார்த்தார். மேலதிகாரி வெளியூர் போயிருந்தார். குமாஸ்தா மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். பயத்தில் எடுத்தாரா, இரக்கத்தில் எடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

மாடியெல்லாம் இல்லை. தாழ்வாரத்தின் கடைசியில், கக்கூஸுக்குப் பக்கத்து அறை. உள்ளே பதினோரு சாக்குகள். எதிரி நாட்டில் பிடிபட்டவர்களின் பட்டியல்கள், நிவாரணச் சங்கம் ஒன்றின் மூலம் வந்தவை. டைப் அடித்து, சரிபார்த்து, குடும்பங்களுக்கு அனுப்பவேண்டும். டைப் அடிக்கிறவர்கள் இருவரையும் படைக்கு எடுத்துவிட்டார்கள். ஆகவே சாக்குகள் உட்கார்ந்திருந்தன.

பிறகு தங்கை உள்ளே போய், முதல் சாக்கின் கட்டை அவிழ்த்து ஒரு கத்தைத் தாளை எடுத்தாள். தாழ்வாரத்துக்கு வந்து முக்காலி ஒன்றின் மேல் ஏறி நின்று, படிக்க ஆரம்பித்தாள். ஊர், பெயர், நம்பர். ஊர், பெயர், நம்பர். அந்தக் குரல் வாசலைத் தாண்டித் தெருவில் நின்றவர்களுக்கும் கேட்டது. ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. எங்கேயோ ஒரு பெண், "இங்க, இங்க" என்றாள். அவள் அழுது முடிக்கும்வரை தங்கை காத்திருந்து, அடுத்த பெயருக்குப் போனாள்.

மூன்று நாள் நடந்தது. தொண்டை கட்டும்போது அக்கா வெந்நீர் கொடுத்தாள். அக்காவும் ஒருமுறை படிக்க முயன்றாள். அவள் படித்தால் உயிரோடு இருப்பவனும் போய்ச் சேர்ந்துவிட்டதுபோல் கேட்டது. "நீ படிக்காதக்கா, அந்தத் தாளை என்கிட்டயே குடு" என்று தங்கை வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவர்கள் இருவரும் அந்தத் தேர்வைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பிற்பகல், பத்தாவது சாக்கு. தங்கை ஒரு பெயரைப் படித்தாள், அடுத்ததைப் படித்தாள், அதற்கடுத்ததையும் படித்தாள். பிறகு நிறுத்தினாள். பார்வை திரும்ப மேல் வரிக்குப் போயிற்று. பெயரில் ஓர் எழுத்து தப்பு. நம்பர் சரி. முக்காலியிலிருந்து இறங்காமல், அதே குரலில், "எங்க வீட்டுக்காரர்" என்றாள். உடனே அடுத்த பெயரைப் படித்தாள். அக்காதான் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

பதினோரு சாக்கில், அங்கே நின்றவர்களில் நாற்பத்திரண்டு பேர் வீட்டுக்குத்தான் செய்தி இருந்தது. மற்ற பெண்கள் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினார்கள். அதை மாற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இதற்கிடையில் வானொலியில் தாய் வேஷத்துக்குப் புதிதாக ஒரு பெண்ணைப் பிடித்திருந்தார்கள். தேன் சொட்டும் குரல். "சாப்பிட வாங்க" என்றால் பசியில்லாதவனும் போவான். ஆனால் கடிதங்கள் கொதித்தன. 'எங்கள் அம்மாவைப் பேய் அடித்துவிட்டது. இது யாரோ புகுந்து பேசுகிறது' என்றார்கள். அந்த வாத்தியார் நம்பர் போட்டு எழுதினார்: முதல் அம்மாதான் உயிரோடு இருந்தவள் என்பது இப்போது ஐயமின்றித் தெரிகிறது. ஒன்பதாம் நாள் புதிய பெண் அழுதுகொண்டே போய்விட்டாள்.

பத்தாம் நாள் பூட்டு ரிப்பேர் கடைக்கு மேலே சிவப்புப் பென்சில் ஏறி வந்தார். நான் அப்போது அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். உட்காரச் சொல்லும்வரை அவர் உட்காரவில்லை.

"மேலிடத்துல நீங்க திரும்பி வரலாம்னு அபிப்பிராயப்படறாங்க."

"நாடகத்துல பையன் உயிரோடதான் இருக்கணும். சரித்திரமெல்லாம் வேண்டாம்" என்றாள் பேயக்கா.

"அது பரவாயில்ல."

"இன்னொண்ணு. இனிமே வர்ற பட்டியலைச் சாக்குல போடக்கூடாது. தினமும் நாடகம் முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் வானொலியிலேயே படிக்கணும். என் தங்கச்சி படிப்பா."

"ஆராய்ஞ்சு பார்க்கறோம்."

"எந்தத் தேதிக்குள்ள?"

சிவப்புப் பென்சில் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார். என்ன தேதி எழுதினாரோ, திங்கட்கிழமை தங்கை மைக் முன்னால் நின்றாள். போர் முடியும்வரை, இன்னும் இரண்டரை வருஷம், நின்றாள். ஊரில் பாதிப்பேர் நாடகத்தைவிட அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் பெட்டியைத் திருகினார்கள் என்று கடிகாரமே ஒப்புக்கொண்டார்.

போர் முடிந்து மூன்றாம் மாதம் தங்கையின் புருஷன் திரும்பினார். திரும்புகிறவர்கள் பட்டியல் பார்த்து நாள் தெரிந்திருந்ததால் நானும் போயிருந்தேன். மாடிப்படியில் அவர் ஏறி வருவதற்கு அதிக நேரம் பிடித்தது. சட்டைக்குள் ஆள் இருப்பது வாசலில் நின்றபோதுதான் நிச்சயமாயிற்று. பெண்குழந்தைகள் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டன. எத்தனையோ கதவுகளைத் திறந்து எத்தனையோ வசனம் பேசிய அக்கா, "வாங்க மாப்பிள்ளை. தண்ணி காய வெச்சிருக்கேன், குளிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

அவருக்குக் கட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. பாயை எடுத்துப்போய்ச் சமையலறையில், அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே, சுவரைத் தொட்டுக்கொண்டு படுத்தார். முகாமில் அவருக்குக் கிடைத்த இடம் அந்த அகலம்தானாம். பகலிலும் அங்கேதான். அக்கா அலுவலகத்துக்குக் கிளம்புமுன் அவரைத் தாண்டிப்போய் டீ போடுவாள். தாண்டி வெளியே வருவாள். தங்கை அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு தாண்டுவாள். குழந்தைகள் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டன. நான் போனால் நானும் தாண்டித்தான் டம்ளரை வைத்துவிட்டு வருவேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரே எழுந்து பாயைச் சுருட்டினார். வெளியறைக்கு வந்து அங்கே விரித்துவிட்டு, கொஞ்சம் கோபமாகவே கேட்டார். "இத்தனை நாளா வழியில படுத்திருக்கேனே, யாராவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அண்ணி?"

"அங்கயா படுத்திருந்தீங்க? நான் கவனிக்கலையே" என்றாள் அக்கா.

தங்கைக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அவருக்கு வந்தது.